செங்கல்பட்டு ஜாகீர் முதல் யுடிஆர் வரை: வருவாய்க் கணக்கை எழுதியது யார்?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடுக்கான யோசனை ஒரு சண்டையில இருந்து வந்தது. சண்டைன்னா பெரிசா ஒண்ணும் இல்ல. பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் என் தோழியும் நடந்துக்கிட்டே போட்ட சண்டை.

அவளுக்கு வேலை அம்பத்தூர் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில். டீமோட பேரு ரெவென்யூ ஆபரேஷன்ஸ், சுருக்கமா ரெவ் ஆப்ஸ். விற்பனை, மார்க்கெட்டிங், வாடிக்கையாளர் சேவை, இந்த மூணு பக்கத்திலிருந்தும் வர்ற டேட்டாவை ஒண்ணாக்கி, அடுத்த காலாண்டுக்கு எவ்வளவு பணம் வரும்னு சொல்ற வேலை. ஒரே வாடிக்கையாளர் மூணு பேர்ல மூணு தடவை பதிவாகி இருக்கார், போன வருஷமே மூடின கம்பெனி இன்னும் 'விரைவில் வாங்குவார்கள்' பட்டியல்ல உட்கார்ந்திருக்கு, இதுதான் அவளோட தினசரிப் புலம்பல். 'டேட்டாவைச் சுத்தம் பண்ண ஒரு நல்ல டூல் வாங்கினா முடிஞ்சது'ன்னு அவ சொன்னா. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. விற்பனை ஆள் தன் போனஸை முடிவு பண்ற கட்டத்தைத் தானே நிரப்பும்போது, டூல் என்ன பண்ணும்?

அப்புறம் பேச்சு அவ தாத்தா நிலத்துப் பட்டாவுக்குத் திரும்பிச்சு. அதுல தாத்தாவோட தலைப்பெழுத்து தப்பு, அளவும் பத்திரத்துல இருக்கிறதைவிடக் குறைவு. 'யுடிஆர்ல வந்த தப்பு'ன்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பியிருக்காங்க. 'யுடிஆர்னா என்ன?'ன்னு அவ கேட்டா. அங்கதான் எனக்கு உறைச்சுது. ரெவ் ஆப்ஸ்ல வேலை பார்க்கிறவ, ரெவென்யூ டிபார்ட்மென்ட் டேட்டாவுல மாட்டிக்கிட்டிருக்கா! நம்ம ஊர்ல 'வருவாய்த்துறை'ன்னு ஒண்ணு இருநூறு வருஷத்துக்கு மேல இதே பிரச்சினையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். கதையோட பெரும்பகுதி நாம நிக்கிற இதே மண்ணுல நடந்தது.

ஜாகீர்

பருத்திப்பட்டு, ஆவடி, பூந்தமல்லி எல்லாம் இன்னைக்குத் திருவள்ளூர் மாவட்டம். 1997 வரைக்கும் இது பழைய செங்கல்பட்டு மாவட்டம். அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டில், இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 'ஜாகீர்' என்று அழைத்தது. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா, தனக்காகக் கம்பெனி செய்த போர்களுக்குக் கைமாறாக 1763-ல் கொடுத்த நிலம் இது. சென்னைப் பட்டணத்தைச் சுற்றி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள்.

இங்க ஒரு வேடிக்கை. வாங்கிய ஜாகீரை கம்பெனி உடனே அதே நவாபுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. 1780 வரைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஓடியது. நிலம் நம்முடையது, ஆனால் உள்ளே என்ன விளைகிறது, யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. குத்தகையைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்றால் நிலத்தின் உண்மையான மதிப்பு தெரிய வேண்டும் இல்லையா? அதற்காக ஒருவரை அனுப்பினார்கள். பெயர் தாமஸ் பார்னார்ட், பொறியாளர். 1767-ல் தொடங்கி 1774 வரை ஏழு ஆண்டுகள், ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்.

அந்தக் கணக்கைப் பார்த்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கும். ஒவ்வோர் ஊருக்கும் மொத்த நிலம் எவ்வளவு, அதில் ஏரி எவ்வளவு, வீட்டுமனை எவ்வளவு, தோப்பு, தரிசு எவ்வளவு, நன்செய் புன்செய் எவ்வளவு. எத்தனை வீடுகள், எந்தெந்தச் சாதி, என்ன தொழில். யாருக்கெல்லாம் மானியம். இதெல்லாம் போக, களத்தில் நெல் அளக்கும்போது குவியலிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற விவரமும் உண்டு. கோயிலுக்கு, ஏரிக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வெட்டியானுக்கு, ஊர்க் கணக்குப்பிள்ளைக்கு என்று. அன்றைக்கு இதற்குச் சுதந்திரம், மேரை என்றெல்லாம் பெயர். அரசியல் சுதந்திரம் இல்லை, பங்கு என்ற பொருளில்.

பார்னார்ட் ஏழு ஆண்டில் இவ்வளவையும் தன் கண்ணால் பார்த்து எழுதினாரா? வாய்ப்பே இல்லை. டேட்டா ஏற்கெனவே இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்குப்பிள்ளை ஓலையில் எழுதி வைத்திருந்தார். கம்பெனி ஆங்கிலத்தில் அட்டவணையாகச் சுருக்கிக்கொண்டது. ஆங்கிலச் சுருக்கம் சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1960களில் காந்தியவாதி ஆய்வாளர் தரம்பால் கண்ணில் அது பட்ட பிறகுதான் வெளியுலகத்துக்குப் பெரிதாகத் தெரிய வந்தது. தமிழ் ஓலைகள் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜே.கே.பஜாஜ், எம்.டி.சீனிவாஸ் போன்றவர்கள் இரண்டையும் வைத்து ஆய்வு செய்தார்கள். ஆங்கில அட்டவணையைவிட ஓலையில் விவரம் அதிகம். சுருக்கும்போதே ஏதோ ஒன்று உதிர்ந்துவிடுகிறது, அதை இப்போதைக்கு மனசுல வச்சுக்கோங்க.

கணக்குப்பிள்ளை என்ற டேட்டா என்ட்ரி ஆள்

இந்தக் கணக்குப்பிள்ளை யார்? கம்பெனி ஆவணங்களில் இந்தச் சொல்லை 'கானிக்கோப்பிலி' மாதிரி ஏதோ எழுதிப் பாடாய்ப்படுத்தி இருப்பார்கள். படித்தால் சிரிப்பு வரும். ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. தமிழ்ப் பின்னங்களை நினைத்துப் பாருங்க. கால், அரைக்கால், மாகாணி வரைக்கும் நம்ம பாட்டிமாருக்குத் தெரியும். மாகாணி என்றால் 16-ல் ஒரு பங்கு. அதற்குக் கீழே மா, 20-ல் ஒன்று. காணி, 80-ல் ஒன்று. முந்திரி, 320-ல் ஒன்று. அதற்கும் கீழே போகும். எண்சுவடி மனப்பாடம் செய்த ஒருவர் களத்தில் நின்றபடியே இதை எல்லாம் கூட்டிக் கழிப்பார். துல்லியத்துக்குப் பஞ்சமே இல்லை.

குழப்பம் வேறு இடத்தில் இருந்தது. 'காணி'யையே எடுத்துக்கோங்க. எண்ணில் அது 80-ல் ஒரு பங்கு. நிலத்தில் அது ஓர் அளவு: 24 மனை ஒரு காணி. சென்னையில் இன்றைக்கும் 'ஒரு கிரவுண்ட்' என்று விற்கிறார்களே, 2,400 சதுர அடி, அதுதான் அந்த மனை. 24 கிரவுண்ட் சேர்ந்தால் ஒரு காணி, சுமார் 1.32 ஏக்கர். மூன்றாவது பொருளில் காணி என்பது உரிமை. காணியாட்சி, காணியாட்சிக்காரர் என்பார்கள். பின்னால் பாரசீக வழியில் வந்த 'மிராசு' என்ற சொல் அதே இடத்தில் உட்கார்ந்தது. ஒரே சொல், மூன்று அர்த்தம். ரெவ் ஆப்ஸ்ல இதுக்கு 'டேட்டா டிக்‌ஷனரி போடுங்கப்பா'ன்னு கத்துவாங்க. ஊர்க்காரருக்கு அகராதி தேவைப்படவில்லை, பேச்சிலேயே புரிந்தது. வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் தலை சுற்றியது.

இப்போ முக்கியமான விஷயம். கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் யார் கொடுத்தது? அவரும் களத்து நெற்குவியலிலிருந்துதான் தன் பங்கை எடுத்தார். அந்தப் பங்கு எவ்வளவு என்பது அவர் எழுதிய கணக்கிலேயே ஒரு வரியாக இருக்கிறது. அவர் வாழ்ந்தது அந்த ஊரில், அந்த ஊர் மிராசுதார்களின் நடுவில். ராஜா மாறுவார், நவாப் மாறுவார், கம்பெனி வரும். மிராசுதார் அங்கேயேதான் இருப்பார். கணக்கு யார் பக்கம் சாயும்னு நீங்களே யோசிச்சுக்கலாம்.

பிளேஸ் துரை

1780-ல் ஹைதர் அலியின் படை இந்த ஜாகீருக்குள் புகுந்தது. ஊர்கள் காலியாகின, ஏரிகள் உடைந்தன. பார்னார்டின் அழகான அட்டவணை ஒரே போரில் பழைய டேட்டா ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கம்பெனி நேரடியாக நிர்வாகம் பண்ணத் தொடங்கித் தடுமாறியது. 1794-ல் லயனல் பிளேஸ் என்பவர் கலெக்டராக வந்தார், 1798 வரை இருந்தார்.

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதை கேட்டிருப்பீங்க. மழை இரவில் ஏரிக்கரையில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதைப் பார்த்த வெள்ளைக்கார துரை, அவர்தான் இவர். மக்கள் அவரைக் 'கர்னல் பிளேஸ்' என்கிறார்கள். அவர் ராணுவக்காரர் இல்லை, வருவாய் அதிகாரி. ஏரிகளையும் கோயில்களையும் பழுது பார்த்தார் என்பது உண்மை. அதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. ஏரி இல்லாமல் நெல் இல்லை, நெல் இல்லாமல் வரி இல்லை.

பிளேஸின் தீராத கோபம் கணக்குகள் மேல். மிராசுதார்கள் ஊர்க் கணக்கைத் தங்கள் பிடியில் வைத்திருக்கிறார்கள், விளைச்சலைக் குறைத்துக் காட்டுகிறார்கள், மானியம் என்ற பெயரில் நிலத்தை மறைக்கிறார்கள் என்பது அவர் கட்சி. கணக்குப்பிள்ளையை மிராசுதாரின் ஆளாக இல்லாமல் சர்க்கார் ஆளாக மாற்றினால்தான் உண்மை வெளியே வரும் என்று நினைத்தார். நம்ம பூந்தமல்லிப் பக்க மிராசுதார்கள் அவருடைய நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊரைவிட்டே வெளியேறுவது அவர்களுடைய போராட்ட முறை. உழ ஆள் இல்லாமல் நிலம் கிடந்தால் வசூல் என்ன ஆகும்? பிளேஸ் வளையவில்லை. ஒத்துவராதவர்களின் மிராசைப் பறித்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தார். 1799-ல் அவர் எழுதிய நீண்ட அறிக்கை, இந்த வட்டாரத்தின் வரலாற்றை எழுதும் யாரும் தாண்டிப் போக முடியாத ஆவணம். அமெரிக்க வரலாற்றாசிரியர் யூஜின் இர்ஷிக் இதை வைத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

யார் சொன்னது சரி? என் கணிப்பு, இரண்டு பேரும் பாதி சரி. விளைச்சலைக் குறைத்து எழுதுவது நிச்சயம் நடந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பிளேஸ் 'மறைப்பு' என்று பார்த்ததில் ஒரு பகுதி ஊரின் பட்ஜெட். கோயிலுக்கும் ஏரிக்கும் கொல்லருக்கும் போன பங்கு, கம்பெனியின் பார்வையில் வசூலில் ஓட்டை. ஊரின் பார்வையில் அது போகாவிட்டால் மதகைப் பழுது பார்க்க ஆள் இல்லை. ஒரே எண்ணை ஒருத்தர் செலவுன்னு படிக்கிறார், இன்னொருத்தர் திருட்டுன்னு படிக்கிறார். எக்செல்ல எந்த ஃபார்முலா போட்டாலும் இது தீராது.

அடுத்து நடந்ததை வேகமாகச் சொல்லிடறேன். 1802-ல் ஜாகீரை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டு ஜமீன் முறை கொண்டுவந்தார்கள், அது படுத்துவிட்டது. அதே 1802-ல் 29ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் மையம் ஊர்க் கணக்கர், அதாவது கர்ணம். என்னென்ன பதிவேடு வைக்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். பிறகு மன்றோ பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ரயத்துவாரி முறை பரவியது. ஒவ்வொரு பட்டாதாரருடனும் சர்க்கார் நேரடிக் கணக்கு. இப்போது ஊருக்கு ஒரு வரி போதாது, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு வரி வேண்டும். டேட்டாவின் அளவு பல மடங்கு ஆனது. 1858-க்குப் பிறகு முறையான நில அளவையும் வரித்திட்டமும் மாவட்டம் மாவட்டமாக நடந்தன. சர்வே எண், ஏ பதிவேடு, புலப்பட வரைபடம், அடங்கல், சிட்டா, இன்றைக்குத் தாலுகா ஆபீசில் நாம் கேட்டு அலையும் பெயர்கள் எல்லாம் அந்தப் பரம்பரையில் வந்தவைதான்.

சரிபார்க்கவும் ஏற்பாடு இருந்தது, இன்னும் இருக்கிறது. ஜூலை 1-ல் தொடங்கும் பசலி ஆண்டு முடியும் நேரத்தில் ஜமாபந்தி. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. தாலுகா ஆபீசில் கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ உட்கார்ந்து ஊர் ஊராகக் கணக்கை வாங்கிப் பார்ப்பார். அடங்கலில் நெல் என்று எழுதிய வயலில் நெல்தான் இருக்கிறதா என்று மேல் அதிகாரி வயலுக்கே போய்ப் பார்ப்பதற்கு அஜ்மாயிஷ் என்று பெயர். ஆண்டுதோறும் தணிக்கை, களத்தில் மாதிரி ஆய்வு. நம்ம ஸ்டார்ட்அப்கள்ல எத்தனைல இது இருக்கு?

பதிவேட்டில் இல்லாதவர்கள்

இவ்வளவு பதிவேடு, இவ்வளவு தணிக்கை. இதில் விளைய வைத்த ஆட்கள் எங்கே?

1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ஜே.எச்.ஏ.ட்ரெமென்ஹீர் இந்தக் கேள்வியோடு ஓர் அறிக்கை எழுதினார். மாவட்டத்தின் பறையர் மக்களைப் பற்றியது. நூறு ஆண்டுக்கு மேலாக வருவாய் நிர்வாகம் அளந்து அளந்து எழுதிய அதே மாவட்டம். உழுது நட்டு அறுத்தவர்களுக்கு அதில் நிலம் கிட்டத்தட்ட இல்லை, குடியிருக்கும் மனைகூடப் பல இடங்களில் அவர்கள் பெயரில் இல்லை. தரிசு நிலத்துக்கு அவர்கள் மனுப் போட்டால், மிராசுதாருக்கு முன்னுரிமை உண்டு என்ற விதி குறுக்கே நின்றது. பழைய காணியாட்சி புதிய பதிவேட்டுக்குள் வேறு வடிவில் உயிரோடு இருந்தது.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வழி பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் வரை கொடுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்வார்கள். முதல் 10 ஆண்டுக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை வாழ்ந்தது எங்கே? பதிவேட்டில், ஒரு குறிப்பாக. அந்தக் குறிப்பு இருக்கும் வரைதான் நிலத்துக்குப் பாதுகாப்பு. எழுதுகிறவர் அடுத்த பதிவேட்டில் அதை எழுதாமல் விட்டால், கோடு போட்டு அழிக்கக்கூட வேண்டாம், நிலம் சாதாரணப் பட்டா நிலமாகிவிடும்.

1979, 1980

பரம்பரைக் கர்ணம் முறை சுதந்திரத்துக்குப் பிறகும் ஓடியது. 1895-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பாவுக்குப் பிறகு மகன். பல ஊர்களில் பதிவேடு இருந்தது கர்ணம் வீட்டுத் திண்ணையில். பட்டா வேண்டும், நகல் வேண்டும் என்றால் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். யார் திண்ணையில் ஏறலாம், யார் தெருவுக்குள்ளேயே வர முடியாது என்பது உங்களுக்கே தெரியும். டேட்டா அணுகல் என்று இன்றைக்கு அழகாகச் சொல்கிறோமே, அது அன்றைக்குச் சாதியால் தீர்மானமான விஷயம்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், மணியக்காரர் உள்ளிட்ட பகுதிநேர கிராம அதிகாரிப் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தது. சுமார் 23,000 பேர் வேலை இழந்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1982-ல் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அவர்கள் இடத்தில் தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள், நாம் விஏஓ என்று சொல்கிறவர்கள், வந்தார்கள். பிளேஸ் துரை 1790களில் ஆசைப்பட்டது, கணக்கர் ஊராரின் ஆளாக இல்லாமல் சர்க்கார் ஆளாக இருக்க வேண்டும் என்பது, ஏறக்குறைய 185 வருஷம் கழிச்சு நடந்தது. நடத்தியவர்கள் வேறு காரணத்துக்காக நடத்தினார்கள், அது தனி எபிசோடு.

இப்போ என் தோழி கேட்ட கேள்விக்கு வர்றேன். யுடிஆர் என்பது தமிழில் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம். 1979-ல் தொடங்கி 1987-ல் முடிந்தது. முன்பெல்லாம் 30 ஆண்டுக்கு ஒருமுறை வரித்திட்டத்தைத் திருத்துவார்கள், பதிவேடும் அப்போது புதுப்பிக்கப்படும். அந்த வழக்கம் சுதந்திரத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அதனால் பட்டாவில் கொள்ளுத்தாத்தா பெயர், நிலத்தில் கொள்ளுப்பேரன். ஒரே கூட்டுப் பட்டாவில் பத்துப் பங்காளிகள். இதைச் சரிசெய்யத்தான் ஊர் ஊராகப் போய், நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது, பத்திரம் என்ன சொல்கிறது என்று விசாரித்துப் புதிய பதிவேடு எழுதினார்கள். ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏருமாக மாறின.

தேதிகளைக் கவனிச்சீங்களா? மாநிலம் முழுக்க டேட்டாவைப் புதுப்பிக்கிற வேலை தொடங்கிய அடுத்த வருஷம், பழைய டேட்டாவை மனசுக்குள்ளேயே வைத்திருந்த 23,000 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பதவியை ஒழித்தது சரி என்றே நான் நினைக்கிறேன், அந்தத் திண்ணைக்கு வேறு முடிவு இல்லை. ஆனால் எந்த வயலுக்கு எந்தக் கதை என்ற ஞாபகமும் அவர்களோடு சேர்ந்து போனது. பெயர் மாறியது, தலைப்பெழுத்து விட்டுப்போனது, உட்பிரிவு இடம் மாறியது, இப்படித் தவறுகள் குவிந்தன. விசாரணைக்கு வந்த நாளில் ஊரில் இல்லாதவர்கள், பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவர்கள், கையில் பத்திரம் இல்லாதவர்கள், பத்திரம் இருந்தும் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இழந்தார்கள். பக்கத்து வயல்காரர் அன்றைக்கு ஊரில் இருந்தார் என்பதே அவருக்கு லாபம்.

பஞ்சமி நிலக் குறிப்புகள் பல இடங்களில் காணாமல் போனதும் இந்தப் புதுப்பித்தலில்தான் என்பது தலித் இயக்கங்களின் நீண்ட காலப் புகார். பழைய ஏ பதிவேட்டையும் யுடிஆர் ஏ பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார் என்பதுதான் இன்றைக்கும் நிலமீட்புக்காரர்கள் சொல்லித்தரும் முதல் பாடம். 1994-ல் மாமல்லபுரம் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்துக்காகத் தொடங்கிய போராட்டம், அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்துப்போனார்கள். பதிவேட்டின் ஒரு கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்காக ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டத்தில் உயிர் போயிருக்கிறது.

இப்போது

இன்றைக்கு அந்தப் பதிவேடுகள் 'தமிழ்நிலம்' மென்பொருளில் இருக்கின்றன. மொபைலிலேயே சிட்டா எடுக்கலாம், திண்ணை ஏற வேண்டாம். அது சின்ன விஷயம் இல்லை, நான் மனசார மெச்சுறேன். ஆனால் கணினியில் ஏற்றியது யுடிஆர் பதிவேட்டின் வழி வந்த டேட்டாவை. 1983-ல் ஒருவர் விட்டுவிட்ட தலைப்பெழுத்து இப்போது க்யூஆர் கோடோடு அச்சாகி வருகிறது. பார்க்கிறவருக்கு முன்னைவிட அதிக நம்பிக்கை, பேங்க்காரருக்கும்தான்.

என் தோழி கதையும் அங்கதான் நிக்குது. யுடிஆர் தவறைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனுப் போடணும். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய பதிவேட்டின் நகல், வாரிசுச் சான்று எல்லாம் இணைக்கணும். அவ ஒரு எக்செல் ஷீட் போட்டிருக்கா, சொன்னா நம்பமாட்டீங்க. இடது பக்கம் பழைய ஏ பதிவேடு, நடுவுல யுடிஆர், வலது பக்கம் இன்னைக்கு இருக்கிற சிட்டா. ஒரே நிலம், மூணு வரிசை. ஆபீஸ்ல அவ தினமும் செய்ற அதே வேலை.

அந்த ஷீட்டைப் போட்டப்பதான் ஒண்ணு கண்ணுல பட்டது. தாத்தாவோட அளவுல குறைஞ்ச சென்ட்டுகள், அடுத்த உட்பிரிவுல அதே அளவு கூடியிருக்கு. அந்த உட்பிரிவு யார் பேர்ல இருக்குன்னு பார்த்தா, பழைய கர்ணம் குடும்பம் இல்ல, பெரிய மிராசுதாரும் இல்ல. அந்தக் காலத்துல தாத்தா வயல்லயே வேலை செஞ்ச ஒருத்தரோட பேத்தி, இப்போ அங்க ஒரு ஷீட் போட்ட வீட்டுல இருக்காங்க. அவங்க பட்டாவும் அதே யுடிஆர்ல வந்ததுதான். அது தப்பா வந்ததா, இல்ல தாத்தா வாய்மொழியாக் கொடுத்ததை அன்னைக்கு வந்த அதிகாரி சரியாகவே எழுதிட்டுப் போனாரா?

மனு இன்னும் அவ பையிலதான் இருக்கு. போன வாரம் ஏரிக்கரையில கேட்டேன். முதல்ல அந்த அம்மாவைப் போய்ப் பார்த்துப் பேசணும், அப்புறம்தான் மத்ததுன்னு சொன்னா. நானும் கூடப் போறேன். அங்க என்ன தெரிஞ்சதுன்னு இன்னொரு எபிசோடுல சொல்றேன். உங்க வீட்டுப் பட்டாவுல இப்படி ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. சந்திப்போம்.